எந்த எதிர்ப்பொருளைக் கொண்டு அளந்தீர்கள்?

மனித உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டிப் பார்த்தால் 3 அல்லது 4 கிராமுக்கு மேல் தேறாது. அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் குடியிருக்கிறது. கல்லீரல் முதலான உறுப்புகளில் சேமிப்பாக இருப்பது போக, இரத்தத்தின் நீர்ப்பகுதியில் எந்த வேளையிலும் ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 3 மில்லிகிராம் மாத்திரமே. ஆயினும், எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை ஆக்குவதற்கு நாள்தோறும் 20 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு வேண்டியிருப்பதால், அந்த அற்பமான 3 மில்லிகிராம் ஒரே நாளில் பலமுறை ஏற்றப்பட்டும் இறக்கப்பட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. இந்த ஓயாத போக்குவரத்தைத் தாங்கி நிற்பது, கல்லீரலில் உற்பத்தியாகி இரத்தத்தில் கலந்து உலவும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம். கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு திசுக்களைக் கெடுக்கும் விஷமாகவும், உள்ளே நுழைந்த கிருமிகளுக்கு ஆகாரமாகவும் ஆகிவிடுமாதலால், அதை ஒரு கணமும் தனியே விடாமல் பற்றிக்கொண்டு போய், வேண்டிய உயிரணுவிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடியும் சுமையேற்றுக்கொள்வதே இப்புரதத்தின் தர்மம்.

கிருமிகளின் விஷயத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்புரதம் உலகுக்குத் தெரியவந்ததே அந்த வழியாகத்தான். பச்சை முட்டையின் வெண்கரு சில கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது என்றும், அதில் சிறிது இரும்பைக் கலந்துவிட்டால் அத்தடை நீங்கிக் கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன என்றும் ஷேட், கரோலின் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1944-இல் கண்டனர். அதே குணமுடைய ஒரு பொருள் மனித இரத்தத்திலும் இருப்பதை அவர்களே 1946-இல் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டில், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஹோல்ம்பெர்க், லௌரெல் ஆகிய இருவர் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்ற பெயரைச் சூட்டினர். இரும்பில்லாதபோது நிறமற்றிருக்கும் அதன் தூய கரைசல், இரும்பைப் பற்றிய மாத்திரத்தில் இளஞ்சிவப்பாக மாறுவது, கண்ணால் காணத்தக்க ஓர் அழகிய நிகழ்ச்சி.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களைத் தாங்கவல்லது. ஆரோக்கியமாக இருப்பவரின் இரத்தத்தில் அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால், கல்லீரல் மேலும் அதிகமான டிரான்ஸ்ஃபெரினை அனுப்ப, நிரம்பிய பங்கு 16 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பரம்பரைக் கோளாறு ஒன்றினால் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்கிறவர்களிடம் அது 45 சதவீதத்தைத் தாண்டும். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதா, அல்லது இரும்பு மிகுந்து கல்லீரலைக் கெடுப்பதற்குமுன் இரத்தத்தை வடித்தெடுப்பதா என்று ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே நிற்கும் வைத்தியர், இந்தக் கணக்கைப் பார்த்தே ஒரு முடிவுக்கு வருகிறார். ஆகவே அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது, மருத்துவம் படிக்காத சாமானியரான நமக்கும் அவசியமாகிறது.

இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில் இரும்பை வேண்டுமளவுக்கு மேல் கலந்து, ஒட்டாமல் மிஞ்சியதை நீக்கிவிட்டு, ஒட்டியதை அளப்பது பழைய முறை. இன்றும் அது வழக்கில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபெரினையே நேராக அளக்கவேண்டுமானால், ஆய்வுக்கூடத்தார் ஆன்டிபாடி என்று வழங்கும் எதிர்ப்பொருளின் தயவு வேண்டும். மனித இரத்தத்திலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுத்த டிரான்ஸ்ஃபெரினை ஓர் ஆட்டுக்கோ முயலுக்கோ சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்ப ஊசி வழியே செலுத்துகிறார்கள். ஆட்டுக்கும் சொந்தமாக ஒரு டிரான்ஸ்ஃபெரின் உண்டு. மனிதனுடையதற்கும் அதற்கும் ஒற்றுமை மிகுதி. ஆனால் வேற்றுமையுள்ள சிற்சில இடங்களை அதன் உடல் அந்நியமென்று கண்டுகொண்டு, அந்த இடங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. பின்னர் அந்த ஆட்டின் இரத்தத்தை எடுத்துச் சீரத்தைப் பிரித்தால், மனித டிரான்ஸ்ஃபெரினைத் தேடிப் பிடிக்கும் கோடானுகோடி எதிர்ப்பொருள்கள் கைக்குக் கிடைக்கின்றன. அதாவது, நம்முடைய இரத்தத்தைப் பற்றி நமக்குத் தீர்ப்புச் சொல்வது, எங்கோ ஒரு கொட்டிலில் நிற்கும் ஆட்டின் உடல் செய்த தேர்வு.

அந்தத் தேர்வைக் கண்ணுக்குப் புலனாக்கும் வித்தையில் பெரும் பங்கு ஸ்வீடனுக்கும் இத்தாலிக்கும் உரியது. எதிர்ப்பொருள் கலந்த அகார் கூழைக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய படலமாக ஊற்றி, அது இறுகியதும் சிறு துளைகளிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒருவருடைய சீரத்தை அளந்து விட்டுக் காத்திருந்தால், டிரான்ஸ்ஃபெரின் துளையிலிருந்து நாற்புறமும் பரவி, எதிர்ப்பொருளைச் சந்தித்துச் சமநிலை எய்தும் எல்லையில் வெண்மையான வளையமாகப் படியும். வளையத்தின் விட்டத்தை வர்க்கமாக்கினால் டிரான்ஸ்ஃபெரினின் அளவு தெரிந்துவிடும். இது மான்சினி என்ற இத்தாலியரும் அவருடைய கூட்டாளிகளும் 1965-இல் செம்மைப்படுத்தித் தந்த முறை. இரண்டு நாள் பொறுத்திருக்கவேண்டும் என்பதுதான் அதிலுள்ள குறை. அதே தகட்டில் மின்சாரத்தைச் செலுத்திப் புரதத்தை ஒரே திசையில் விரட்டினால், வளையத்துக்குப் பதிலாக வாணத்தைப்போல் கூர்ந்து எழும் வெண்கோடுகள் சில மணி நேரத்தில் தோன்றும். அவற்றின் உயரமே அளவு. 1966-இல் இந்த முறையை வெளியிட்டவர் யாரென்றால், இருபது ஆண்டுகளுக்கு முன் டிரான்ஸ்ஃபெரினுக்குப் பெயர் வைத்த அதே கார்ல்-பெர்ட்டில் லௌரெல். ஒரு பொருளை அடையாளம் கண்டு பெயர் வைத்ததோடு கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடாமல், அதை எல்லோரும் அளக்கும்படியான கருவியையும் தந்துவிட்டே அமைதியுற்ற அம்மனிதரின் சிரத்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது.

இக்காலத்து யந்திரங்கள் தகட்டையும் வளையத்தையும் கைவிட்டுவிட்டன. சீரமும் எதிர்ப்பொருளும் கலந்த மாத்திரத்தில் உண்டாகும் மங்கலை ஒளிக்கற்றையால் அளந்து, சில நிமிடங்களில் ஓர் எண்ணைத் துப்பிவிடுகின்றன. டெசிலிட்டருக்கு 200 முதல் 360 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற எல்லையும் பக்கத்திலேயே அச்சாகி வருகிறது. நோயாளியின் பெயர், வயது, ரத்தம் எடுத்த வேளை, கையொப்பம் எல்லாம் அந்தத் தாளில் உண்டு. எந்த எதிர்ப்பொருளைக் கொண்டு அளந்தார்கள், அது எதைப் பற்றிக்கொள்ளும், எதைப் பற்றாது, எந்தப் பொதுப் பிரமாணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்ற செய்தி மாத்திரம் அதில் இராது. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கே அது தெரியாது. கிட் எனப்படும் பரிசோதனைத் தொகுப்பை விற்ற வியாபாரியின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் அவர்கள் அறிவார்கள். அரிசி அளக்கும் படியின் அடியில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும் உரிமை கடைவீதியில் நிற்கும் எந்த ஏழைக்கும் உண்டு. நம் இரத்தத்தை அளக்கும் படிக்கு அத்தகைய முத்திரை கேட்பது நியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

இது வீண் சந்தேகம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆகையால் எதிர்ப்பொருள் எவ்விதமெல்லாம் தவறக்கூடும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஆட்டுக்குச் செலுத்திய டிரான்ஸ்ஃபெரின் பரிசுத்தமாக இல்லாமல், அதனோடு வேறொரு இரத்தப் புரதம் சிறிதளவு ஒட்டியிருந்தாலும், ஆடு அதற்கும் சேர்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அதைப் பின்னால் உறிஞ்சி நீக்காவிட்டால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கணக்கிடும். தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் வெள்ளணுக்களிலும் இருக்கும் லாக்டோஃபெரின், டிரான்ஸ்ஃபெரினோடு ஒரே குடும்பத்தில் பிறந்த புரதம். அதைக் கண்டு ஏமாறாத எதிர்ப்பொருளாக இருக்கவேண்டும். ஆராய்ச்சிச்சாலையில் அணுக்களை வளர்ப்பதற்குக் கன்றின் சீரத்தை ஊற்றுவது வழக்கம். கன்றின் டிரான்ஸ்ஃபெரினையும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அங்கே உபயோகித்தால், மனித அணு சுரந்தது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகும். இரும்பைப் பற்றும்போது டிரான்ஸ்ஃபெரினின் உருவமே சிறிது மூடிக்கொள்வதால், திறந்த நிலையில் மாத்திரம் தெரியும் இடத்தைத் தேடும் எதிர்ப்பொருள், இரும்பு நிரம்பிய மூலக்கூறுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். இவை போதாதென்று, இரத்தத்தில் இவ்வளவு மிகுதியாக இருக்கும் புரதத்தைத் தக்கபடி நீர்த்துப்போகச் செய்யாமல் அளந்தால், எதிர்ப்பொருளைவிட டிரான்ஸ்ஃபெரின் அதிகமாகி, மங்கல் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து, மிக அதிகமாக இருப்பதை மிகக் குறைவு என்று யந்திரம் காட்டும் விபரீதமும் நேரும். கடைசியாக, ஆடு மூப்படைந்து இறக்கும். அடுத்த ஆடு அதே புரதத்தைக் கண்டு அதே இடங்களைத் தேர்ந்துகொள்ளும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

இவற்றின் பலன் காகிதத்தில் மாத்திரம் தங்கிவிடுவதில்லை. விபத்தில் தலையில் அடிபட்டு மீண்ட ஒருவருக்கு, சில நாள் கழித்து ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஜலதோஷமாகவும் இருக்கலாம்; மண்டையோட்டின் அடித்தளத்தில் விழுந்த விரிசல் வழியே மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதாகவும் இருக்கலாம். பின்னது உண்மையானால், கிருமிகள் அதே வழியாக மேலேறி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஆபத்து காத்திருக்கிறது. மூளைநீரிலுள்ள டிரான்ஸ்ஃபெரினில் ஒரு பகுதி, இரத்தத்தில் இருப்பதுபோல் அல்லாமல், தன் சர்க்கரைக் கிளைகளின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தை இழந்து சற்றே வேறுபட்டிருக்கும். மின்சாரத்தால் ஓடவிட்டால் அது பின்தங்கி, தனியொரு கோடாக நிற்கும். 1979-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் மெயூர்மனும் அவருடைய துணைவர்களும் இந்த வேற்றுமையை நோய்க்குறியாகப் பயன்படுத்தும் வழியைக் காட்டினர். சொட்டிய நீரில் சில துளிகளைத் தகட்டில் ஓடவிட்டு, அதன்மேல் டிரான்ஸ்ஃபெரின் எதிர்ப்பொருளைப் பூசி, பற்றாததைக் கழுவி, சாயமேற்றிப் பார்த்தால், மூக்குச்சளியில் ஒரு கோடும் மூளைநீரில் இரண்டு கோடுகளும் தெரியும். பக்கத்திலேயே அதே நோயாளியின் சீரத்தையும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏனெனில் பிறவியிலேயே டிரான்ஸ்ஃபெரினின் அமைப்பில் மாறுபாடுடையவர்களின் இரத்தத்திலும் இரண்டாம் கோடு போன்ற தோற்றம் வரக்கூடும். அந்த மெல்லிய இரண்டாம் கோட்டைப் பார்த்துத்தான், மண்டையைத் திறந்து விரிசலை அடைப்பதா, வேண்டாமா என்ற யோசனையே தொடங்குகிறது. பூசிய எதிர்ப்பொருள் பலவீனமானதாயிருந்து அக்கோடு தெரியாமல் போனால், ஆபத்தில் இருப்பவரைச் சளி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட நேரும்.

இன்னோர் உதாரணம் நீதிக்கும் சம்பந்தப்பட்டது. நாள்தோறும் மிகுதியாக மது அருந்துகிறவர்களின் டிரான்ஸ்ஃபெரினில், சர்க்கரைக் கிளைகள் குறைந்த மூலக்கூறுகள் பெருகுகின்றன என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஹெலீனா ஸ்டிப்லர் 1970-களில் கண்டறிந்தார். குடியை நிறுத்தினால் சில வாரங்களில் அவை பழைய நிலைக்குத் திரும்பும். ஜெர்மனி, இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளில், குடித்துவிட்டு வண்டி ஓட்டி உரிமத்தை இழந்தவருக்கு அதைத் திருப்பித் தரலாமா என்று நிர்ணயிப்பதற்கு இந்தப் பரிசோதனையும் ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. கிளை இழந்த மூலக்கூறை மாத்திரம் பற்றிக்கொண்டு, முழுமையான மூலக்கூறை விட்டுவிடும் எதிர்ப்பொருளைத் தயாரிப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு இவ்விஷயத்தில் எதிர்ப்பொருளைத் தலைமைப் பிரமாணமாக வைக்காமல், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தளக்கும் வேறொரு முறையை உரைகல்லாக நிறுத்தி, எதிர்ப்பொருள் சொல்வதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தது. ஒருவருடைய பிழைப்பையும் மானத்தையும் தீர்மானிக்கும் இடத்தில் எடுத்துக்கொள்ளவேண்டிய ஜாக்கிரதை இதுவே.

இத்தகைய ஜாக்கிரதை எங்கும் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. டொராண்டோவில் டியமண்டிஸ் என்பவரின் ஆராய்ச்சிக்குழு, கணையப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிய ஒரு புரதத்தை அளப்பதற்குக் கடையில் கிடைத்த கிட் ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளையும் ஏறக்குறைய 5 லட்சம் டாலரையும் செலவழித்தபின், அதிலிருந்த எதிர்ப்பொருள் தாங்கள் தேடிய புரதத்தைப் பற்றாமல், முற்றிலும் வேறான மற்றொரு புற்றுநோய்ப் புரதத்தைப் பற்றிக்கொண்டிருந்தது என்று கண்டனர். அவர்கள் அதை மறைக்காமல் பகிரங்கப்படுத்தியது பாராட்டுக்குரியது. பிராட்பரி, ப்ளூக்துன் என்ற இரு விஞ்ஞானிகள், நூற்றுக்கும் மேற்பட்ட சக ஆராய்ச்சியாளர்களின் கையொப்பத்தோடு 2015-இல் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்ட வேண்டுகோளில், சரியாக வேலை செய்யாத எதிர்ப்பொருள்களால் உலகில் ஆண்டுதோறும் 80 கோடி டாலர் வீணாகிறது என்று மதிப்பிட்டனர். 2023-இல் வெளிவந்த ஒரு விரிவான பரிசோதனையில், மூளை நரம்பு சம்பந்தமான 65 புரதங்களுக்காகக் கடைகளில் விற்கும் 614 எதிர்ப்பொருள்களை எடுத்து, அந்தந்தப் புரதமே இல்லாதபடி மாற்றிய அணுக்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தேடிய புரதத்தைக் காணத் தவறிய எதிர்ப்பொருள்களை நம்பி எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள், புரதம் ஒன்றுக்குச் சராசரி 12 வீதம் இருந்தன. அந்தச் சோதனைக்கு எதிர்ப்பொருள்களை இனாமாகக் கொடுத்தவை விற்பனை நிறுவனங்களே. முடிவுகளைக் கண்டு சிலவற்றை அவை விற்பனையிலிருந்து விலக்கவும் செய்தன. கேட்கவேண்டிய கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டால் வியாபாரிகளும் செவிசாய்க்கிறார்கள் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆட்டின் மரணத்துக்குக் கட்டுப்படாத எதிர்ப்பொருளுக்கு வழி 1975-இலேயே திறந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் அணுவை, சாவில்லாமல் பெருகும் புற்றணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை எந்நாளும் சுரந்துகொண்டிருக்கும் கலப்பணு வம்சத்தை உண்டாக்கினர். 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். அக்கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை என்பதும், அதனால் உலகமெங்கும் அது தாராளமாகப் பரவியது என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. ஆனால் அந்த வம்சங்களும் மாசற்றவை என்று சொல்லிவிட முடியவில்லை. 185 கலப்பணு வம்சங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தமக்குரிய எதிர்ப்பொருளோடு வேறு சங்கிலிகளையும் சேர்த்துச் சுரந்துகொண்டிருந்தன. ஆகவே, எதிர்ப்பொருளின் அமினோ அமில வரிசையையே எழுத்தெழுத்தாகப் படித்து வைத்துக்கொண்டு, அந்த வரிசைப்படி அணுக்களில் தயாரித்துக்கொள்வதே நிலையான வழி. வரிசை கையிலிருந்தால், ஆடு இறந்தாலும், கலப்பணு கெட்டாலும், நிறுவனம் மூடப்பட்டாலும், ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு தேசத்தில் அதே எதிர்ப்பொருளை மீண்டும் செய்துகொள்ளலாம். விலங்குகளின் துன்பமும் குறையும்.

நியாயமான ஓர் ஆட்சேபத்துக்கு இங்கே பதில் சொல்லவேண்டும். ஆட்டுச் சீரத்தால் இரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரினை அளக்கும் பரிசோதனை இன்று நன்றாகத்தானே நடக்கிறது, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் பெரிய வித்தியாசம் காணோமே என்று அத்துறையில் அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். மெய்தான், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அது தானாக வந்த நன்மையன்று. ஒரு காலத்தில் ஒரே சீரத்துக்கு வெவ்வேறு கிட்டுகள் வெவ்வேறு அளவு சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக, ஐரோப்பிய சமூகத்தின் பிரமாணப்பொருள் அலுவலகமும், மேலே சொன்ன சர்வதேசக் கூட்டமைப்பும், பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் ஒன்றுகூடி, பெருந்திரளான சீரத்தைச் சேகரித்துப் பக்குவப்படுத்தி, அதிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் உள்ளிட்ட 15 புரதங்களின் அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்து நிச்சயித்து, 1993-இல் பொதுப் பிரமாணமாக வெளியிட்டன. அதன்பின் எந்த நாட்டில் செய்த கிட்டாக இருந்தாலும் அந்தச் சீரத்துக்கு அது சொல்லவேண்டிய விடை முன்னமே தெரிந்திருந்தது. தவறாகச் சொல்பவரைக் கண்டுபிடிப்பதும் எளிதாயிற்று. எதிர்ப்பொருளின் குறைகளை மனிதர் கூடி முயன்றால் கட்டுக்குள் வைக்கலாம் என்பதற்கு டிரான்ஸ்ஃபெரினே சாட்சி. ஆகவே, மற்ற இடங்களில் குழப்பம் நீடிப்பது எதிர்ப்பொருளின் தலைவிதியால் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள யாருக்கும் வழியில்லை.

குழப்பம் நீடிக்கும் இடம் வெகுதூரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபெரின் சுமந்து வரும் இரும்பை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்று அணுக்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அதன் துண்டு இரத்தத்திலும் கலந்து வரும். உடல் இரும்புக்கு ஏங்கும்போது அது பெருகும். காய்ச்சலும் அழற்சியும் வந்தால் டிரான்ஸ்ஃபெரின் குறைந்துவிடுகிறது. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினோ, இரும்பில்லாவிட்டாலும் இருப்பதுபோல் உயர்ந்து நிற்கிறது. இந்த ஏற்பி மாத்திரம் அழற்சிக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. தொற்றுநோயும் இரும்புக் குறைவும் ஒரே உடலில் கூடியிருக்கும் நம்மைப் போன்ற தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. ஆனால் இதை அளக்கும் கிட்டுகளோ, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எதிர்ப்பொருளும் தனக்கென்று ஓர் எல்லையும் வைத்துக்கொண்டு, ஒன்று சொல்வதை மற்றொன்றோடு ஒப்பிடவே முடியாதபடி வளர்ந்தன. உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கும் ஒரு பொது ஆதாரப்பொருளை ஏற்படுத்தியிருக்கிறது. அதை அனுசரிக்கும்படி கிட் செய்பவர்களைக் கட்டாயப்படுத்துவார்தான் இல்லை.

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதமும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதமும் சோகையுள்ளவர்களாகக் காணப்பட்டனர். விரல்நுனியில் குத்தியெடுத்த துளி இரத்தத்தில் ஹீமோகுளோபினை மாத்திரம் பார்த்துச் சொன்ன கணக்கு அது. அவர்களில் எத்தனை பேருக்கு இரும்பு குறைவு, எத்தனை பேருக்கு வைட்டமின் குறைவு, எத்தனை பேருக்குப் பரம்பரையான இரத்தக் கோளாறு என்று அது சொல்லாது. அதைப் பிரித்தறிய டிரான்ஸ்ஃபெரினும் ஃபெரிட்டினும் ஏற்பியும் வேண்டும். அவற்றை அளக்க எதிர்ப்பொருள் வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஒரு முடிவை, யாரும் பெயர் சொல்லாத ஓர் எதிர்ப்பொருளின் மீது ஏற்றிவைப்பது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

நம்மிடம் இதற்கான ஒழுங்கு அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக நடத்திவரும் தரக்கண்காணிப்புத் திட்டத்தில், ஒரே மாதிரியை நாட்டின் பல ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பி, வந்த விடைகளை ஒப்பிட்டு, விலகி நிற்பவர்களுக்கு அதைத் தெரிவிக்கிறார்கள். மிகச் சிறந்த தொண்டு அது. ஆனால் இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு கூடமும் அதே முறையைக் கையாளும் மற்றக் கூடங்களோடு ஒப்பிடப்படுவதால், ஒருவருடைய கை பிசகினால் வெளிப்படும். எல்லோரும் வாங்கிய கிட்டின் எதிர்ப்பொருளே பிசகியிருந்தால், எல்லோரும் ஒற்றுமையாகத் தவறிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் விலகி நிற்கமாட்டார்கள். அந்தப் பிழையை ஆய்வுக்கூடம் திருத்த முடியாது. விற்பவரிடம் கேட்டு வாங்குகிறவர்தான் திருத்த முடியும்.

வாங்குகிறவர்களில் பெரியவர் சர்க்கார். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதற்காக 1994-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வந்திறங்கும் மருந்துகளைத் தொகுதி தொகுதியாகச் சோதனைக்கு அனுப்பி, தேறாததை ஏற்பதில்லை என்ற விதியால் மற்ற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியது. அதே கண்டிப்பை இரத்தப் பரிசோதனைக் கிட்டுகளுக்கும் விரிக்கவேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, உள்ளிருக்கும் எதிர்ப்பொருள் எந்தப் பிராணியில் அல்லது எந்தக் கலப்பணு வம்சத்தில் பிறந்தது, லாக்டோஃபெரின் முதலான உறவுப் புரதங்களோடு சேர்த்துச் சோதித்ததில் என்ன முடிவு வந்தது, எந்தப் பொதுப் பிரமாணத்தோடு ஒப்பிட்டு அளவு குறிக்கப்பட்டது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கவேண்டும். தொகுதி மாறும்போதெல்லாம் பழைய தொகுதியோடு ஒப்பிட்ட கணக்கையும் உடன் அனுப்பச் சொல்லவேண்டும். வரிசை வியாபார ரகசியம் என்று நிறுவனங்கள் மறுத்தால், பொதுப்பணத்தில் நடக்கும் நம் ஆராய்ச்சிச்சாலைகளில் ஒன்று, டிரான்ஸ்ஃபெரினுக்கும் அதன் ஏற்பிக்கும் தக்க எதிர்ப்பொருள்களைத் தேர்ந்து, அவற்றின் வரிசையை எல்லோரும் எடுத்தாளும்படி வெளியிடட்டும். பின்னர் உள்நாட்டில் எந்தச் சிறு நிறுவனமும் அதைக் கொண்டு கிட் தயாரிக்கலாம். சேலத்தில் அளந்த எண்ணைத் திருநெல்வேலியில் அளந்த எண்ணோடு கூட்டிப் பார்க்கலாம். அறிக்கைத் தாளில் டிரான்ஸ்ஃபெரினின் அளவுக்குக் கீழே எதிர்ப்பொருளின் பெயரையும் ஒரு வரியாக அச்சிடலாம்.